கருணாகரன் முகத்தில் குடியிருந்தவர்கள்

மேற்கு மாம்பலத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில், சுந்தரவல்லி வீட்டு மாடி அறையில் 1968ஆம் வருஷம் முதல் யார் வந்து தங்கினாலும் அவர்களுக்குக் கருணாகரனின் முகம் வந்துவிட்டது. பெட்டியையும் படுக்கையையும் அந்த அறையில் வைத்து, ஒரு தரம் படுத்து எழுந்தால் போதும். எழுந்தவனுக்குக் கருணாகரனின் நீண்ட மூக்கு, ஒட்டிய கன்னம், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் இருக்கும். உயரமும் குரலும்கூட அவனுடையவைதான். பெட்டி அங்கே இருக்கும்வரை அந்த ஆள் எங்கே போனாலும் முகம் கூடவே போகும். பெட்டி தெருவாசலைத் தாண்டினால் அவரவர் முகம் அவரவருக்கு. புத்தியும் குணமும் நாக்கில் ஊறிய பேச்சும் மட்டும் மாறுவதில்லை. அப்போதெல்லாம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள், தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, மாம்பலத்து மாடி அறையில் இப்படி நடந்தது. தெருவில் சிலருக்கு இது தெரியும். தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் வீட்டுக்காரி சுந்தரவல்லிதான். ஊரில் ஒருவரையும் நம்பாதவளுக்கு அப்படி ஒரு தலையெழுத்து.

சுந்தரவல்லியின் புருஷன் ஆலங்குளத்திலிருந்து ஒரு மூட்டைத் துண்டோடு ரயிலேறி வந்தவர். தியாகராய நகரில் ஜவுளிக்கடையும் மாம்பலத்தில் வீடும் போட்டுவிட்டு, அனுபவிக்கக் கொடுத்து வைக்காமல் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். கடையை அவருடைய தம்பி அய்யாதுரை எடுத்து நடத்தினார். சுந்தரவல்லிக்கு மிஞ்சியது வீடும், மகள் ஜெயபாரதியும், புருஷனிடமிருந்து தொற்றிக்கொண்ட ஒரு பழக்கமும். புதுச் சரக்கு வந்தால் அவர் கட்டைவிரலை நனைத்துக் கரையில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார். அவள் அதை மனிதர்களிடம் செய்தாள். பால்காரனின் பாலில் விரலை விட்டுப் பார்த்தாள். தபால்காரன் சிரித்தால் ஏன் சிரித்தான் என்று யோசித்தாள். கோயில் பிரசாதத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போட்டாள். அவளுடைய சந்தேகத்துக்குத் தப்பியது அந்தச் சந்தில் சுவரொட்டி தின்னும் மாடு ஒன்றுதான். அதையும் ஒருநாள் யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பட்டவள். முன்பு மாடியில் ஒரு குமாஸ்தாவைத் தனி ஆள் என்று நம்பிக் குடிவைத்தாள். அவன் தன் மச்சானை அழைத்து வந்தான், மச்சான் தன் சிநேகிதனை அழைத்து வந்தான். பிறகு குமாஸ்தாவே வேறெங்கோ போய்விட, முன்பின் தெரியாதவர்கள் உரிமையோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கின கதைதான். கோர்ட்டுக்கு நடந்து நடந்து அவர்களைக் கிளப்புவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உள்வாடகை என்ற சொல்லை, இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்லாததுபோல, ஒருவரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவள் மாடியை மறுபடி ஏன் விட்டாள் என்றால், ஜெயபாரதிக்காக. மாப்பிள்ளை பார்ப்பது என்கிற வழக்கத்தையே சுந்தரவல்லி நம்பவில்லை. ஒரு சாயங்காலம் வந்து காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவனிடம் என்ன தெரிந்துவிடும்? அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன் கருணாகரன், தாய் தகப்பன் இல்லாதவன், ஆலங்குளத்தில் தன் அண்ணன் வெள்ளைத்துரையின் தயவில் வளர்ந்தவன், கிண்டியில் பொறியியல் படிக்க வந்தான். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. ஜெயபாரதிக்கு முறை மாப்பிள்ளை. சுந்தரவல்லிக்கு மனதில் ஒரு கணக்கு உதித்தது.

"மாடில இருந்து படிக்கட்டும் தம்பி," என்று அய்யாதுரையிடம் சொன்னாள். "அஞ்சு வருசம் நம்ம கண்ணு முன்னால கெடக்கட்டும். சாயம் போவுதான்னு பாத்துட்டுப் பெறவு பேசுவோம்."

கருணாகரனிடம் போட்ட ஒரே நிபந்தனை, அவனைத் தவிர வேறு ஒரு குருவி அந்த அறையில் ராத்தங்கக்கூடாது என்பது. அவன் தலையாட்டினான். கருணாகரன் கெட்டவனில்லை, காரியக்காரன். அண்ணன் அனுப்பியது அவனுக்குப் பற்றவில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வாணியம்பாடியிலிருந்து தோல் பதனிடும் படிப்புக்கு வந்திருந்த ஹபீபுர் ரஹ்மானை உள்ளே விட்டான். மறுநாள் கண்ணாடி முன் இரண்டு கருணாகரன்கள் நின்றார்கள். ஹபீபுர் ரஹ்மான் புருவத்தைத் தடவிப் பார்த்து, இந்தத் தழும்பு வலிக்குமா என்று மட்டும் கேட்டான். மாநிலத்துக்குப் பெயர் மாறிய வருஷத்தில் மூன்றாவது ஆளாக ரங்கன் வந்தான். கருணாகரனின் வகுப்பில் படித்தவன், கொட்டிவாக்கம் குப்பத்துப் பையன். அங்கிருந்து அந்தக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வீட்டில் மின்சாரம் இல்லை, திருவான்மியூரைத் தாண்டினால் பஸ்ஸும் இல்லை. ஒரே வகுப்பில் ஒரே முகம் இரண்டாக உட்கார்ந்ததைக் கல்லூரியில் கொஞ்ச நாள் கேலி செய்துவிட்டு மறந்துபோனார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒரு நேரத்தில் ஒருவன்தான் மாடிப்படியில் இறங்குவான், கீழே யாரும் வாயைத் திறப்பதில்லை. அதனால் தெருவில் கருணாகரனுக்கு அடக்கமான பையன் என்று பெயர் வந்தது.

சுந்தரவல்லிக்கு அந்த அடக்கமே பிடிக்கவில்லை. அடக்கமாக இருப்பவன் எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பது அவள் கட்சி. காலையில் கூடத்து ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பாள். கருணாகரன் இறங்கிப் போவான். அவள் ஒரு கூறு முருங்கைக்கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் கருணாகரன் மறுபடி இறங்கிப் போவான். இடையில் எப்போது திரும்பி வந்தான்? கண் அசந்துவிட்டதோ என்று மறுநாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். மறுநாள் மூன்று தரம் போனான். ஒருநாள் அவன் உஸ்மான் சாலையில் பஸ்ஸுக்கு நிற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தாள். மாடியில் கருணாகரன் இருமிக்கொண்டிருந்தான்.

சோதனைகளை ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரு வாரம் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் எழுந்தான். அடுத்த வாரம் பருக்கை சிந்தாமல் நிதானமாகச் சாப்பிட்டு, தட்டையும் தானே கழுவி வைத்தான்.

"ஏய்யா, போன வாரம் சீனி காப்பி கேட்ட. இந்த வாரம் கருப்பட்டி கேக்க. உனக்கு நாக்கு ஒண்ணா ரெண்டா?" என்றாள்.

கருணாகரன் சிரித்தான். சிரிப்பிலும் அவளுக்குத் திருப்தி இல்லை. போன வாரம் பல் தெரியச் சிரித்தான், இந்த வாரம் உதட்டால் சிரிக்கிறானே. கார்த்திகைக்குப் பக்கமாக ஒரு மாதம், விடியுமுன் எழுந்து சாப்பிட்டுவிட்டு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தான். திருச்செந்தூருக்கு விரதம் என்று அவளாகவே முடிவு செய்து, முதல் முறையாகக் கொஞ்சம் மனம் இளகினாள். அதே மாதத்தில் ஒரு பகலில் முனைக்கடையில் அவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததாக ஜெயபாரதியின் தோழி ஜலஜா வந்து சொன்னாள். முருகனையே ஏமாற்றுகிறவன் தன் மகளை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று சுந்தரவல்லி கணக்குப் போட்டாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. அவன் ஒரு துண்டை விண்டு பார்த்து, கையை நிறுத்தினான்.

"இது ஐஸ் மீனு அத்தே. ரெண்டு மூணு நாள் ஆவுது. வஞ்சிரம்னு சொல்லி வேற மீன உங்க தலைல கட்டிக்கீறான்," என்றான்.

சுந்தரவல்லி கரண்டியோடு நிமிர்ந்தாள். "ஆலங்குளத்துல ஏதுய்யா கடலு?"

"காலேஜ்ல ஒரு பையன் சொல்லுவான்," என்றது கருணாகரனின் வாய். அதோடு அந்த மாதம் முழுக்க அது திறக்கவில்லை.

அய்யாதுரையிடம் போய்ச் சொன்னாள். அவர் கடைப்பையன் கொண்டுவந்த சோடாவை அவளிடம் நீட்டி, "மைனி, கண்ணுக்கு ஒரு டாக்டரப் பாத்துருவோமா?" என்றார். "எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு தம்பி, அவனத்தான் பாக்கணும்," என்று சோடாவைக் குடிக்காமலே திரும்பினாள். அதற்கு மேல் அவரிடம் பேசப் பயந்தாள். தன் அக்காள் மகன் ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்துகொண்டான் என்று, அவன் பெயரைக் கடைக்குள் யாரும் சொல்லக்கூடாது என உத்தரவு போட்ட மனிதர் அவர். மாடியில் யாரோ எவனோ இருக்கிறான், ஜெயபாரதி தினமும் அங்கே துணி உலர்த்தப் போகிறாள் என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும், வீட்டை இரண்டாக்கிவிடுவார். ஆகவே மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய வக்கீலிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிம்மா. ஆனா உள்வாடகைன்னா வேற ஒருத்தன் வேணும். கோர்ட்ல வந்து நிக்கறவா அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சியா இருந்தா, ஒருத்தனே திரும்பத் திரும்ப வந்துண்டிருக்கான்னுதான் ஜட்ஜ் எழுதுவார். பேசாம ஆத்துக்குப் போய் நிம்மதியா இருங்கோ."

நிம்மதி எங்கிருந்து வரும்? அடுத்த கோடையில் ஹபீபுர் ரஹ்மான் படிப்பை முடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். சில மாதம் கழித்துத் தன் சொந்த முகத்தோடு, குல்லாவும் ஒரு டப்பா இனிப்புமாக வாசலில் வந்து நின்றான். சுந்தரவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க கையால நிறையச் சாப்பிட்டிருக்கேன்மா," என்று சொல்லிவிட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டான். தான் எந்தக் காலத்தில் இவனுக்குச் சோறு போட்டோம் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். இனிப்பை முகர்ந்து பார்த்தாள், நாய்க்குப் போட்டாள், நாய் சாகவில்லை என்று கண்ட பிறகு ஜெயபாரதிக்குக் கொடுத்தாள்.

எழுபத்தொன்றில் சண்டை வந்து ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய நாட்களில் சுந்தரவல்லி டைபாய்டில் விழுந்தாள். கருணாகரன் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பரீட்சைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தான், அவள் வாந்தியெடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் எடுத்துப் போனான். காய்ச்சல் வேகத்திலும் அவள் அவனைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நல்லவன் எதற்காக இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்? வீடு திரும்பிய வாரமே, பின்கட்டில் தொங்கவிட்டிருந்த வாழைத்தாரில் ஒரு சீப்பைக் கருணாகரன் திருகிக்கொண்டு போவதைப் பார்த்தாள். கொஞ்சநஞ்சம் வந்த நம்பிக்கையும் அந்தச் சீப்போடு மாடியேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். படியில் கருணாகரனைக் கண்டால் ஜெயபாரதி "அத்தான்" என்று ஒதுங்கி நின்றாள். வேறு சில சமயம் அதே கருணாகரனைக் கண்டால் எந்த முறையும் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு, காதுவரை சிவந்தாள்.

எழுபத்திரண்டில் படிப்பு முடிந்தது. கருணாகரனுக்குப் பிலாய் உருக்காலையில் வேலை கிடைத்தது. அவன் அதை அத்தையிடம் சொல்லவில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகம் அவனுடைய சொந்த முகம் என்பதால் அவனோடேயே போயிற்று, அறையை ரங்கனுக்கு முழு உள்வாடகையாக விட்டுவிட்டுப் போனதால் ரங்கனிடமும் இருந்தது. பிலாயில் ஒரு வங்காளத்து நர்ஸைக் கல்யாணமும் செய்துகொண்டான். ஆலங்குளத்துக்குத் தெரிந்தால் அண்ணன் வெட்டிப்போடுவான் என்பதால், தன் முகம் மாம்பலத்தில் ஒழுங்காக இருந்துகொண்டிருப்பது அவனுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ரங்கனுக்குக் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை. அங்கே கருணாகரனை யாருக்கும் தெரியாது, ஆகவே அதே முகத்தோடு அவன் ரங்கன்தான். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது கருணாகரன், கிண்டியில் இறங்கும்போது ரங்கன். சந்தில் இருந்தவர்கள் அந்த ஒரு வருஷத்துக் கருணாகரனைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. கிணறு வற்றியபோது தெருக்கோடிக் குழாயிலிருந்து சுந்தரவல்லிக்கு நாள் தவறாமல் தண்ணீர் தூக்கி வந்தான். வாழைத்தாரில் சீப்பு குறையவில்லை. ஆறு வருஷம் தேய்த்துப் பார்த்ததில் இப்போதுதான் சாயம் நிற்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் ஒப்புக்கொண்ட பிறகு தூக்கம் வரவில்லை. இதற்கு முன் சாயம் போனது யாரிடம்?

அய்யாதுரை பேச்சை முடித்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள், ஆலங்குளத்திலிருந்து அண்ணன் வெள்ளைத்துரை வருவதாக ஏற்பாடு. கல்யாண வீடு என்றால் வெள்ளையடிக்க வேண்டுமே. மாடியை மட்டும் விட்டுவிடலாம் என்று கருணாகரன் கெஞ்சிப் பார்த்தான். அந்தக் கெஞ்சலே சுந்தரவல்லிக்குப் போதுமானதாக இருந்தது. நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில், அவன் முகச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே ஆட்களை மாடிக்கு அனுப்பினாள். அவர்கள் கட்டிலைச் சாய்த்தார்கள், பெட்டியையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், தெருவாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். பின்னாலேயே சோப்பு நுரையோடு ஓடிவந்தவன் வாசலில் சுந்தரவல்லியின் எதிரே நின்றபோது, நுரைக்குக் கீழே வேறொரு முகம் இருந்தது. கறுத்த, அகலமான, வெயிலும் உப்பும் பழகிய முகம். அவளுக்குத் தெரியாத முகம்.

"யாருய்யா நீ?"

"ரங்கன்மா. கொட்டிவாக்கம்."

"அவன் எங்க?"

"பிலாய்ல கீறாரு. ஒரு வருசம் ஆவுது."

அவள் அலறவில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன் வைத்தாள்.

"என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது?"

"நான்தான்."

"மீனு கெட்டுப்போச்சுன்னு சொன்னது?"

"நான்தான்மா."

"தண்ணி தூக்கினது?"

"நான்தான்."

"வாழைச்சீப்பு?"

"அது அவரு," என்றான் ரங்கன், கொஞ்சம் சங்கடத்தோடு.

ஜெயபாரதி உள்ளேயிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். புது முகத்தைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. முதல் முதலாகப் பார்க்கிறவள் ஆசையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உனக்கு எப்பட்டி தெரியும்?" என்று தாய் கேட்டாள்.

"மூணு பேரு இருந்தப்பவே தெரியும்மா. மூஞ்சிதான ஒண்ணு? நான் துணி எடுக்கப் போனா ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவாரு. அத்தான் பாத்துக்கிட்டே நிப்பாரு. இவரு எனக்கு எட்டட்டும்னு கொடிக்கயித்த இறக்கிக் கட்டிருப்பாரு."

சந்து முனையில் ரிக்‌ஷா மணி கேட்டது. எழும்பூரிலிருந்து வெள்ளைத்துரையை ஏற்றிக்கொண்டு அய்யாதுரை வந்துகொண்டிருந்தார். சுந்தரவல்லிக்கு அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாமும் கண்ணில் வந்து போயிற்று. அக்காள் மகனை அய்யாதுரை தலைமுழுகியது, கடை வாசலில் தன்னையும் மகளையும் அப்படி நிறுத்துவது, ஊர் சிரிப்பது. ஒண்டவந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் அவளை அதிகம் கலக்கியது. ஆறு வருஷம் அவள் தேடிப்பார்த்துத் தேர்ந்தெடுத்தது இந்த ஆளைத்தான். வேண்டாம் என்று ஒதுக்கிய அத்தனையும் தன் அண்ணன் மகனுடையவை. அழுகை வந்தது, அழுதாள். கையை நீட்டி, நுரை காய்ந்துகொண்டிருந்த அந்தக் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

"பெட்டிய மேல கொண்டு போ," என்றாள்.

"போய் ஒரு தடவ படுத்து எந்திரிச்சாப் போதும்மா," என்றாள் ஜெயபாரதி.

வெள்ளையடிக்க வந்தவர்கள் மாடியைத் தொடாமலே போனார்கள். வெள்ளைத்துரை ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது கருணாகரன் பாதிச் சவரத்தோடு படியிறங்கி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். தம்பி முன்னைக்கு இப்போது எவ்வளவு பணிவாகிவிட்டான் என்று அண்ணன் மனம் நெகிழ்ந்து, அத்தை வீட்டு வளர்ப்பு என்று சுந்தரவல்லியைப் புகழ்ந்தார். அவள் அதை மறுக்கவில்லை.

கல்யாணம் தியாகராய நகரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. பத்திரிகையில் கருணாகரன் பெயர், மணவறையில் கருணாகரன் முகம், தாலி கட்டியது ரங்கனின் கை. கொட்டிவாக்கத்திலிருந்து அவனுடைய அம்மா அங்காளம்மாள் மட்டும், யாரென்று சொல்லிக்கொள்ளாமல், கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மகன் எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தான். இருந்தும் அவள் மாப்பிள்ளையின் முகத்தை முகூர்த்தம் முடியும்வரை அங்குலம் அங்குலமாகத் தேடிப் பார்த்தாள். தன் பிள்ளை அதில் எங்கும் அகப்படவில்லை. சாப்பாடு போட்டபோது உட்கார்ந்து சாப்பிட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவ்வளவையும் சுந்தரவல்லி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் ஒரு ஆளைப் பார்த்துச் சந்தேகம் வராமல் வெட்கம் வந்தது அன்றுதான்.

அடுத்த தை முடிவில் அங்காளம்மாள் மீன் கூடையோடு வாசலுக்கு வந்தாள். மீன் விற்க வந்தவள் போலத்தான் குந்தினாள்.

"உன் பொண்ணு நல்லா வெச்சிக்கினு கீது, அதுல ஒண்ணும் கொறையில்ல. எம்புள்ள என் வூட்டுக்கு வரான், போறான். ஆனா எவனோ வந்து அம்மான்னு கூப்புட்ற மாரி கீதும்மா. கொரலு கூட அவனுது இல்ல. கண்ண மூடிக்கினு கூட நான் எம்புள்ளையப் பாக்க முடியலியே, இன்னா பண்ணுவேன்?"

சுந்தரவல்லி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மாசி மகத்தன்று விடிந்ததும் அவளே மாடிக்குப் போய், பெட்டியையும் படுக்கையையும் கட்டச் சொன்னாள். வருஷத்தில் ஒருநாள் அறை காலி. ரங்கன் பெட்டியோடு வாசலைத் தாண்டித் தன் முகத்தை வாங்கிக்கொண்டு, ஜெயபாரதியோடு கொட்டிவாக்கம் போவான். சாமி கடலாடுவதைப் பார்ப்பான், அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பாள், பகலெல்லாம் அவன் பேச்சை அவன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் திரும்பி வந்ததும் சுந்தரவல்லி அறையைக் கருணாகரன் பெயரிலேயே அவனுக்குப் புதிதாக வாடகைக்கு விடுவாள். உள்வாடகை என்ற சொல்லுக்கே பயந்தவள், கருணாகரன் அறையை விட்டுவிட்டால் முகமும் போய்விடுமோ என்று, விட்டுவிடக்கூடாது எனப் பிலாய்க்கு வருஷம் தவறாமல் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். மாசி மகத்தன்று காலையில் சந்தில் ஜன்னல்கள் திறக்க நேரமாகும். யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து உள்கட்டில் வேலை இருந்தது.

எழுபத்தைந்தில் பெண் குழந்தை பிறந்தது. வசந்தி என்று பெயர் வைத்தார்கள். அந்த அறையிலேயே பிறந்தும் அதற்கு யாருடைய முகமும் வரவில்லை, கீழேயே பெட்டி வைத்திருந்த தாயைப்போலத் தன் முகத்தோடுதான் இருந்தது. தகப்பனுக்கு வருஷத்தில் ஒருநாள் வேறு முகம் இருப்பதை அது ஒரு பண்டிகை வழக்கமாக எடுத்துக்கொண்டது. மற்ற வீடுகளில் அப்பாக்கள் ஏன் அப்படி மாறுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதாகச் சொல்வார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து மாசி மகத்தன்று, யாரும் எதிர்பாராமல், அய்யாதுரை காலையிலேயே வந்துவிட்டார். கடைக்குப் புதுச் சரக்கு வந்திருந்தது, பேத்திக்குப் பாவாடைத்துணி கொண்டுவந்தார். அவர் வாசலுக்கு வந்தபோது தலையில் பெட்டியோடு ரங்கன் தன் சொந்த முகத்தில் தெருவில் நின்றான். வசந்தி அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி படுக்கையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். சுந்தரவல்லி படியிறங்கி முன்னால் வந்தாள்.

"சொமக்க வந்த ஆளு தம்பி," என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம்போல் இருந்தது. ரங்கன் தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு, சுமக்க வந்தவனாகவே கண்ணைத் தாழ்த்தி நின்றான். ஜெயபாரதி தாயைப் பார்த்தாள். அய்யாதுரை அவனையும், அவன் விரலைப் பிடித்திருந்த குழந்தையையும் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதை இன்றுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பே என்பார்கள், அந்த நிமிஷம்தான் என்பார்கள். அக்காள் மகன் பெயரைக் கடையில் சொல்ல அவர் அனுமதித்தது அதற்கு முந்தின வருஷம் என்றும் ஒரு பேச்சு உண்டு. பாவாடைத்துணியை அவர் வசந்தியின் கையில் கொடுத்தார்.

"வெயிலுக்கு முந்திப் போய்ச் சேருங்க மருமவனே," என்றார் அந்த முகத்தைப் பார்த்து. "திருவான்மியூர் பஸ்ல இன்னைக்குக் கூட்டம் சாஸ்தியா இருக்கும்."

பிறகு ஜெயபாரதியிடமிருந்து படுக்கையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து முன்னால் நடந்தார்.